போய்ப் பார்க்காமல் எழுதிய ஏழு வரி

பஃபலோ ரோடு, சிங்கப்பூர்
9-2-1957

தினத்தொனி துணையாசிரியர் ஏரம்பமூர்த்தி ஐயா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். இதோடு மடித்து வைத்திருக்கும் தாளைப் பாருங்கள்.

என்னை மறந்திருப்பீர்கள். நான் மங்களம். ஆற்றோரத்தில் ஹாலோவே கம்பெனிக் கிடங்கில் மூட்டை தூக்கிய காத்தமுத்துவின் மனைவி. போன நவம்பரில் கப்பிக் கயிறு அறுந்து நான்கு அரிசி மூட்டைகள் அவர் மேல் விழுந்தன. மறுநாள் உங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஏழு வரி வந்தது. ‘குடிமயக்கத்தில் தள்ளாடிய தொழிலாளி, மூட்டை சரிந்து மரணம்.’ கள்ளுக்கடை வாசலைத் தாண்டும்போதே மூக்கைப் பொத்திக்கொள்கிற மனிதர் ஐயா அவர்! உடம்பு இன்னும் வீட்டில் கிடக்கிறது, கீழே டீக்கடையில் ஒருவர் அதைச் சத்தமாகப் படிக்கிறார். தூக்க வந்தவர்களில் பாதிப்பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து இந்தத் தெருவில் எனக்குப் பெயர் மங்களம் இல்லை, குடிகாரன் பெண்டாட்டி.

நான்கு வரி மறுப்புப் போடுங்கள் என்று உங்கள் ஆபீசுக்கு மூன்று தடவை வந்தேன். மூன்றாம் தடவை நீங்களே வெளியே வந்தீர்கள். “ஒவ்வொருத்தருக்கும் மறுப்புப் போட்டுக்கொண்டிருந்தா பேப்பரில வேற என்னத்தைப் போடுறது? வேணுமெண்டா நீங்களே ஒரு பேப்பர் நடத்துங்கோ அம்மா” என்று சொல்லிச் சிரித்தீர்கள். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள்.

நடத்துகிறேன். பெயர் ‘மறுப்பு’. டைப்பிங் வகுப்பு வைத்திருக்கும் முகைதீன் பாய் ஸ்டென்சில் அடித்துக் கொடுக்கிறார். படியெடுக்கும் உருளையை நானே சுற்றுகிறேன். தாளின் இடது பக்கம் நீங்கள் எழுதியது. வலது பக்கம் அங்கே நின்றவர்கள் சொன்னது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை உங்கள் பொய் ஒன்று வரும். என் நான்கு வரி உங்கள் பத்திரிகையில் வருகிற அன்றுதான் நிற்கும்.

மங்களம்

*

தினத்தொனி அலுவலகம்
16-2-1957

திருமதி காத்தமுத்து அவர்களுக்கு,

தங்கள் தாள் கிடைத்தது. அதைப் பத்திரிகை என்று அழைக்க என் பேனா மறுக்கிறது.

தங்கள் துயரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பத்திரிகை கண்ணீரைக் கொண்டு நடப்பதில்லை. பொறுப்புள்ள ஓரிடத்திலிருந்து வந்த தகவலையே வெளியிட்டோம். அதை மறுக்க வேண்டுமானால் அதற்குச் சமமான ஆதாரம் வேண்டும். அண்டை வீட்டுக்காரர் சொன்னார், டீக்கடைக்காரர் சொன்னார் என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெர்மிட் இல்லாமல் செய்தித்தாள் வெளியிடுவது சட்டப்படி குற்றம். எங்கள் வக்கீல் எழுதுவதற்கு முன் நான் எழுதுவது தங்கள் நன்மைக்காகத்தான். படிப்பறிவு குறைந்த ஒரு பெண்பிள்ளையை யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். மாட்டிக்கொள்வது தாங்கள்தான்.

இப்படிக்கு,
வே. ஏரம்பமூர்த்தி

*

பஃபலோ ரோடு
3-3-1957

ஐயா,

உங்கள் கடிதத்தை நான்காம் இதழில் அப்படியே போட்டுவிட்டேன். ‘படிப்பறிவு குறைந்த பெண்பிள்ளை’ என்ற இடம் வந்ததும் டீக்கடைக்கார ஜலாலுதீன் படிப்பதை நிறுத்தி, “இத இன்னொரு வாட்டி படிக்கட்டுமா?” என்று கேட்டார். எல்லோரும் படிக்கச் சொன்னார்கள். இரண்டு வாட்டி படித்தார்.

எங்கள் தாள் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். நூற்றைம்பது பிரதிதான் சுற்றுகிறோம். ஆனால் எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஏழு இடத்தில் ஏழு பேர் நின்று சத்தமாகப் படிக்கிறார்கள். டீக்கடை, ஆற்றுப் படித்துறை, தேக்கா சந்தை வாசல், பிஸ்கட் கம்பெனி கேட் வாசல், இப்படி. ஒரு தாளுக்கு நூறு காது.

பிஸ்கட் கம்பெனிப் பெண்கள் வேலைநிறுத்தம் முடிந்தது என்று எழுதினீர்கள். அவர்கள் இன்னும் கேட் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அந்தப் பாயிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஃபேரர் பார்க் கூட்டத்துக்கு இருநூறு பேர் என்றீர்கள். அங்கே கச்சான் கடலை விற்றவரைக் கேட்டேன். “இருநூறா? எங்கிட்ட வாங்கினவனே ஐந்நூறு பேரும்மா” என்றார். இதுவரை நான் போய் விசாரித்தது நான்கு மறியல், மூன்று கூட்டம், ஒரு தீ விபத்து. எதிலுமே உங்கள் ஆள் ஒருவரைக் கூட யாரும் பார்க்கவில்லை. எங்கிருந்து ஐயா எழுதுகிறீர்கள்?

சந்தை வாசலில் உங்கள் பத்திரிகைக் கட்டு பாதி விற்காமல் திரும்புகிறது என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். அவர் போன பிறகு ருசித்துச் சாப்பிட்டது அன்றுதான்.

இனி ஒரே ஒரு கேள்வி. அந்த ஏழு வரியை எழுதிய கை யாருடையது? பெயரைச் சொல்லுங்கள். சொல்லும்வரை ஒவ்வொரு வாரமும் தாளின் மேலே இந்தக் கேள்வி இருக்கும்.

மங்களம்

*

சிலோன் ரோடு, காத்தோங்
20-3-1957

மங்களம் அம்மாவுக்கு,

இதை அலுவலகத் தாளில் எழுதவில்லை. வீட்டிலிருந்து எழுதுகிறேன். இது உங்களுக்கும் எனக்கும் இடையில் மட்டும். தயவுசெய்து அச்சிட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை செண்பக விநாயகர் கோயிலுக்குப் போய் வந்த என் மனைவி குணவதி சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். “அந்தக் குடிச்சுச் செத்த ஆள்ற செய்தியை ஆர் எழுதினதெண்டு கோயில்ல கேக்கினம். உங்களுக்குத் தெரியுமே?” என்றாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருட வாழ்வில் அவளிடம் சொன்ன முதல் பொய் அது. அவள் நம்பவில்லை என்பதும் தெரிந்தது.

நான்தான் எழுதினேன். மாலை ஐந்தரைக்குக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி டெலிபோனில் பேசினார். ஆறு மணிக்குப் பக்கம் மூட வேண்டும். முதல் பக்கத்தின் அடியில் ஏழு வரிக்கு இடம் காலியாக இருந்தது. “ஆள் குடித்திருந்தான்” என்றார். குடித்திருந்தான் என்று எழுதினேன். ஆறு எங்கள் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. நான் போகவில்லை. பதினொரு வருடமாக நான் எதற்கும் போனதில்லை. டெலிபோன் வருகிறது, எழுதுகிறேன்.

மறுப்புப் போட முதலாளியிடம் இருமுறை கேட்டேன். ஹாலோவே கம்பெனியின் விளம்பரம் இரண்டாம் பக்கத்தில் தினமும் வருகிறது, நீர் பார்த்ததில்லையா என்று கேட்டார். என் மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இது என் மனப்பாரம் குறைவதற்காக எழுதியது. உங்கள் பெருந்தன்மையை நம்புகிறேன்.

ஏரம்பமூர்த்தி

*

பஃபலோ ரோடு
31-3-1957

ஐயா,

அச்சிட வேண்டாம் என்று கேட்டீர்கள். யோசித்தேன். உலை கொதிக்கிற நேரம் யோசித்தேன். பிறகு முகைதீன் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

எட்டாம் இதழ் இதோடு இருக்கிறது. உங்கள் கடிதம் முழுதாக இருக்கிறது, ஒரு எழுத்து விடவில்லை. குணவதி அம்மா பெயரை மட்டும் எடுத்துவிட்டேன், அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. மனப்பாரம் குறைய எழுதினீர்களாமே? உங்கள் பாரத்தை இறக்கி வைக்க என் வாசல்தான் கிடைத்ததா! என் நான்கு வரியை ஊர் பார்க்கப் போடமாட்டீர்கள். மன்னிப்பு மட்டும் யாரும் பார்க்காமல் உறைக்குள் வரும். நானும் யாரும் பார்க்காமல் மன்னிக்க வேண்டும். நன்றாக இருக்கிறதே நியாயம்!

எட்டாம் இதழின் பின்பக்கத்தையும் படியுங்கள். அது துரைசாமிக்கு. அவர் தலைமையிலிருந்த கூலிச் செட்டில்தான் என் வீட்டுக்காரர் வேலை பார்த்தார். கயிறு பிய்ந்திருக்கிறது என்று தெரிந்தும் கப்பிக்கு அடியில் ஆளை நிறுத்திய மண்டோர் அவர். ஆதாரம் கேட்டீர்களே, இப்போது என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அன்றைய வேலைக்குக் கம்பெனி கொடுத்த துண்டுச் சீட்டு கிடைத்துவிட்டது. ‘மண்டோர் துரைசாமி’ என்று பெயரும் கைநாட்டும் இருக்கிறது. “கொஞ்சம் பொறுங்க லா, அவர ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாம்” என்றார் பாய். நான்கு மாதம் பொறுத்தது போதாதா? அன்றே உருளையைச் சுற்றிவிட்டேன்.

படித்து முடித்தபோது டீக்கடையில் துரைசாமி உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் இருந்த கிளாஸை ஜலாலுதீன் எடுத்து, டீயைச் சாக்கடையில் ஊற்றினார். மனிதர் வாயைத் திறக்கவே இல்லை. எழுந்து போய்விட்டார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு குளிர்ந்தது.

மங்களம்

*

சிலோன் ரோடு, காத்தோங்
30-5-1957

மங்களம் அம்மாவுக்கு,

இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. எதற்கென்று உங்களுக்குத் தெரியும். எட்டாம் இதழ் முதலாளியின் மேசைக்குப் போன அன்றே என் நாற்காலியை மாற்றினார்கள். இப்போது ஆறாம் பக்கத்துச் சந்தை விலைப் பத்தியில் பிழை திருத்துகிறேன். வெங்காயம் என்ன விலை, வற்றல் மிளகாய் என்ன விலை. நேற்றுவரை என்னிடம் கைகட்டி நின்றவர்கள் இன்று “மூர்த்தி, மிளகாய் பாத்தாச்சா?” என்கிறார்கள். நீங்கள் கேட்டால் மகிழ்வீர்கள். மகிழுங்கள்.

கோபம் தாங்காமல் ஒரு காரியம் செய்தேன். உங்கள் தாளில் ஒரு பொய்யாவது இருக்கும், அதைக் கண்டுபிடித்து உங்கள் முகத்தில் எறிய வேண்டும் என்று ஒன்று முதல் பதினாறு வரை எல்லா இதழ்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒவ்வொரு இடமாகப் போனேன். ஆம், நான் போனேன். பிஸ்கட் கம்பெனி கேட்டுக்குப் போனேன், கச்சான்காரரைக் கூடத் தேடிப் பிடித்தேன். எல்லாம் நீங்கள் எழுதியபடியே இருந்தது. எரிச்சலாக இருந்தது. கடைசியில் துரைசாமி வீட்டுக்குப் போனேன்.

கயிறு அறுந்த அன்று துரைசாமி ஆற்றங்கரையிலேயே இல்லை. நிமோனியாக் காய்ச்சலில் ஆசுபத்திரியில் ஒன்பதாவது நாளாகப் படுத்திருந்தார். வார்டுச் சீட்டை என் கையால் வாங்கித் தேதியைப் பார்த்தேன்.

அப்படியானால் துண்டில் அவர் பெயர் எப்படி வந்தது? மண்டோர் ஒரு வாரம் வரவில்லை என்று தெரிந்தால் கம்பெனி அந்தச் செட்டையே கலைத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அதனால் மண்டோர் படுத்துவிட்டால் செட்டில் ஒருவன் அவர் பெயரிலேயே துண்டு வாங்கி, அவருக்குப் பதில் கைநாட்டு வைத்து வேலையை ஓட்டுவான். ஆற்றங்கரையில் எல்லாச் செட்டிலும் இப்படித்தான். வெளியே யாரும் மூச்சு விடமாட்டார்கள். அன்று பதிலுக்கு நின்றவன் கயிறு பிய்ந்திருக்கிறது என்று கிராணியிடம் சொல்லியிருக்கிறான். “இன்னைக்கு ஓட்டு, நாளைக்குப் பாக்கலாம்” என்றவர் கிராணி. எனக்கு டெலிபோன் செய்த அதே கிராணி.

துரைசாமி ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? தான் அன்று அங்கே இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய இருபது ஆட்களுக்கும் வேலை போகும். அவர் மகளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுவிட்டது. கொலைகாரன் வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்களாம். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “அந்தம்மா வீடும் எங்க வீடும் ஒரே சந்துலதான். ஏன் வந்து ஒரு வார்த்தை கேக்கல?”

நான் பத்து நிமிடம் நடக்கவில்லை. நீங்கள் முப்பது அடி நடக்கவில்லை.

இதைக் கொடுத்தால் முதலாளி முதல் பக்கத்தில் போடுவார். கொடுக்கமாட்டேன். போட்டால் அந்த இருபது பேர் கதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதே ஏழு இடத்தில், சத்தமாக. துண்டு விவகாரத்தைச் சொல்லாமல், உங்கள் தப்பை மட்டும். இதை எழுதும்போது எனக்கு இன்பமாக இருக்கிறது என்பதை மறைக்கப்போவதில்லை.

ஏரம்பமூர்த்தி

*

பஃபலோ ரோடு
2-6-1957

பொய். நாற்காலி போன ஆத்திரத்தில் கதை கட்டுகிறீர்கள். உங்களுக்குக் கதை கட்டுவது புதிதா?

எந்த ஆசுபத்திரி, எந்த வார்டு, எழுதி அனுப்புங்கள். நானே போய்ப் பார்க்கிறேன்.

மங்களம்

*

பஃபலோ ரோடு
16-6-1957

ஐயா,

போனேன். நீங்கள் எழுதி அனுப்பிய ஆசுபத்திரி வார்டுக்கும் போனேன், செட்டு ஆட்களில் இரண்டு பேரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார்கள். “அப்பவே ஏன்ய்யா சொல்லல?” என்று கத்தினேன். “நீங்க கேக்கலையேக்கா” என்றான் ஒருவன்.

நேற்று சனிக்கிழமை. பத்தொன்பதாம் இதழில் வேறு செய்தி இல்லை. தாள் முழுக்க நான்கு வரிதான். ‘காத்தமுத்து இறந்த அன்று மண்டோர் துரைசாமி வேலை இடத்தில் இல்லை. எட்டாம் இதழில் அவரைப் பற்றி எழுதியது பொய். எழுதியவள் மங்களம். அவள் அவரைப் போய்க் கேட்கவில்லை.’ முகைதீன் பாய் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை. அவர் பொறுங்கள் என்றவர்.

வேறு யாரையும் படிக்க விடவில்லை. ஏழு இடத்திலும் நானே படித்தேன். படித்துறையில் ஒருத்தன், “அப்ப அந்தத் துண்டுல எப்படிம்மா அவர் பேரு?” என்றான். என் புத்தி கெட்டுப் போச்சு, அவ்வளவுதான் என்றேன். பிஸ்கட் கம்பெனி கேட்டில் ஒரு பெண், “அப்ப எங்களப் பத்தி எழுதினதும் பொய்யா?” என்று கேட்டாள். இந்த நான்கு மாதம் நான் கட்டியதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் போயிற்று.

எட்டாவதாக ஓர் இடத்துக்கும் போனேன். துரைசாமி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கதவைப் பார்த்துப் படித்தேன். உள்ளே ஒரு பெண் விசும்புகிற சத்தம் கேட்டது. மகளாகத்தான் இருக்கும். பிறகு துரைசாமியின் மனைவி குரல் வந்தது. “கேட்டாச்சு. போங்க.” அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். என்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோயிற்று. அதை எந்தத் தாளில் அடித்துத் திருப்பித் தருவேன்?

இன்பமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, இன்பத்தை எண்ணிப் பாருங்கள். நான் பொய் எழுதிப் பதினொரு வாரத்தில் வாயால் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதி ஏழு மாதம் ஆகிறது. படிப்பறிவு குறைந்த பெண்பிள்ளை முடித்துவிட்டாள். இந்த ஊரில் பாக்கி நிற்பது நீங்கள் ஒருவர்தான்.

மங்களம்

*

சிலோன் ரோடு, காத்தோங்
22-6-1957

மங்களம் அம்மாவுக்கு,

இன்றைய தினத்தொனி, ஆறாம் பக்கம், சந்தை விலை.

அந்தப் பத்தியை என்னைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. நான் கையெழுத்திட்டால் அப்படியே அச்சுக்குப் போகும். நேற்று வெங்காயத்துக்கும் வற்றல் மிளகாய்க்கும் நடுவில் நான்கு வரி வைத்தேன். ‘சென்ற நவம்பரில் இறந்த தொழிலாளி காத்தமுத்து குடித்திருக்கவில்லை. கப்பிக் கயிறு பிய்ந்திருந்தது; கம்பெனியிடம் சொன்ன பிறகும் வேலை ஓடியது. இப்பத்திரிகை வெளியிட்டது பொய். எழுதியவன் வே. ஏரம்பமூர்த்தி, அவன் போய்ப் பார்க்கவில்லை.’

காலை ஒன்பது மணிக்குள் மளிகைக் கடைக்காரர்கள் முப்பது பேர் டெலிபோன் செய்துவிட்டார்கள். முதலாளி வந்து பக்கத்தை என் முன்னால் விரித்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹாலோவே கம்பெனி விளம்பரம் இனி வருமா என்று அவர் உதடு கணக்குப் போடுவது தெரிந்தது. பதினொரு வருட வேலையில் அப்படி ஒரு திருப்தி எனக்குக் கிடைத்ததே இல்லை. குடையை எடுத்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டேன்.

குணவதி பக்கத்தைப் படித்தாள். என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இந்த மூன்று மாதத்தில் அவள் அப்படி உட்காரவில்லை.

மன்னிப்பு இந்த முறை கேட்கவில்லை.

ஏரம்பமூர்த்தி

*

பஃபலோ ரோடு
25-6-1957

ஐயா,

பார்த்தேன். சந்தை வாசல் கடைக்காரர் ஒருவர் மிளகாய் விலை பார்க்க விரித்துவிட்டு, “ஏம்மா, இது உன் வீட்டுக்காரர்தானே?” என்று கூப்பிட்டுக் காட்டினார். அங்கேயே கூடையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஏழு இடத்திலும் படித்தேன். டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்று கேட்டார்கள். சாவுக்கு வாசலோடு நின்றவர்களில் மூன்று பேர் மாடியேறி வந்து, அவர் படத்துக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

உங்கள் வேலை போனதற்காக நான் வருத்தப்படவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. முன்பு என்றால் மீன் குழம்பு வைத்திருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பாக எண்ணிக்கொள்ளாதீர்கள். நான் உங்களை மன்னிக்கவில்லை. நீங்கள் போட்டது நல்லது, போடவேண்டியது, அவ்வளவுதான். காலையில் குழாயடிக்குப் போனால் துரைசாமியின் மனைவி பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள். இன்றும் அப்படித்தான் செய்தாள். நாளைக்கும் செய்வாள். ஊர் முழுக்க நான் படித்ததை அவள் கேட்டிருக்கிறாள், ஆனாலும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவள் செய்வது சரி. நான் செய்வதும் சரி.

மங்களம்